பிரிவு தனாவுக்குப் போகிறது: கூடப் போவதா, பணம் வாங்குவதா, இங்கேயே வேறு வழியா?

என் சித்தி மகன் இங்கே மொரீஷியஸில் பின்னலாடை ஆலை ஒன்றில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறான். இப்போது பின்னல் பிரிவின் மேற்பார்வையாளர். வயது நாற்பத்தேழு. அந்தப் பிரிவு முழுவதையும் மடகாஸ்கருக்கு மாற்றுவதாக நிர்வாகம் அறிவித்துவிட்டது. அவன் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார்கள். ஒன்று, அன்டனானரிவோவில், நாங்கள் தனா என்று சொல்கிற ஊரில், அதே வேலை. இன்னொன்று, ஒரு தொகையை வாங்கிக்கொண்டு விலகும் ஒப்பந்தம். எதில் கையெழுத்துப் போடட்டும் என்று என்னிடம் வந்து கேட்டான்.

நான் சோன் ஃப்ராங்ஷ், அதாவது ஏற்றுமதி மண்டல ஆலைகளின் சம்பளப் பிரிவிலேயே காலத்தைக் கழித்தவள். மூடுகிற ஆலைகளின் கடைசிக் கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பணத்தை வாங்கிப் போனவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் எனக்குத் தெரியும். வக்குவாவிலும் ஃபீனிக்ஸிலும் அவர்கள் எங்கள் அக்கம்பக்கத்தார். கோவிலில் வாரம்தோறும் பார்க்கிற முகங்கள். அதனால் தம்பிக்குச் சொன்ன முதல் பதில் இதுதான்: இரண்டிலும் இப்போது போடாதே. நிர்வாகம் காட்டியது இரண்டு வழி. உனக்கு உண்மையில் ஐந்தாறு வழி இருக்கிறது. எது சரி என்பது தொகையின் பெரியது சிறியதைப் பொறுத்தது அல்ல. உனக்கு எத்தனை மாதம் யோசிக்க நேரம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது.

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே நிலையில் வேறு பலரும் இருக்கிறார்கள்.

ஏன் போகிறது என்பதைப் பற்றிக் கொஞ்சம்

இது யாருடைய உழைப்பும் குறைந்ததால் வந்த முடிவு அல்ல. அதை முதலில் மனதில் உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். 1970-ல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தது. கரும்பை மட்டுமே நம்பியிருந்த தீவில் ஆலைகள் முளைத்தன. ஹாங்காங் முதலாளிகள் இங்கே வந்ததற்கு எங்கள் அம்மாக்களின் குறைந்த கூலி ஒரு காரணம். கோட்டா இன்னொரு காரணம். ஒவ்வொரு நாடும் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று 1974 முதல் பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று வரம்பு கட்டியிருந்தது. ஹாங்காங்கின் வரம்பு நிரம்பிவிட்டது, எங்களுடையது காலியாக இருந்தது. தொண்ணூறுகளின் முடிவில் சுமார் 90,000 பேர் இந்த ஆலைகளில் வேலை செய்தார்கள். 2005 ஜனவரி 1 அன்று அந்த வரம்பு முழுவதும் நீங்கியது. சீனாவிலும் பங்களாதேஷிலும் தைப்பது மலிவு என்றானதும், இங்கே இருக்க வேண்டிய காரணம் பலருக்கு இல்லாமல் போயிற்று. அந்த வருடத்துக்குள்ளேயே வேலையில் இருந்தவர்கள் எண்ணிக்கை 67,000 அளவுக்கு இறங்கியிருந்தது.

தீவுக்காரர்களின் ஆலைகள் தங்கின. ஆனால் அவையும் தொண்ணூறுகளிலிருந்தே மடகாஸ்கரில் கிளை போட ஆரம்பித்துவிட்டன. சிலர் இந்தியாவிலும் ஆலை நடத்துகிறார்கள். எங்கள் பாட்டன்மார் கப்பல் ஏறிய திசைக்கே ஆர்டர் திரும்பிப் போகிறது. இங்கே தங்கிய ஆலைகளிலும் பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள் விடுதியில் தங்கி ஓவர்டைம் பார்க்கிறார்கள். ஆக, வேலை வெளியே போவதும் நடக்கிறது, வெளியிலிருந்து ஆள் வருவதும் நடக்கிறது.

2018-ல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் வந்தபோது ஏற்றுமதி ஆலைகளுக்கு மாதம் 8,140 மொரீஷியஸ் ரூபாய் என்று வைத்தார்கள். 2024 ஜனவரியில் அது 16,500. இந்த உயர்வில் ஒரு ரூபாய்கூட அதிகம் இல்லை. விலைவாசியைப் பார்த்தால் தெரியும். ஆனால் முதலாளி இதைத் தனாவின் கூலியோடு வைத்துப் பார்க்கிறார். அங்கே பல மடங்கு குறைவு. இதில் தனாவில் தைக்கிற பெண்மேல் கோபப்பட எனக்கு மனம் வராது. நாற்பது வருடத்துக்கு முன் என் அம்மா இருந்த இடத்தில் அவள் இருக்கிறாள்.

எதைத் தேர்ந்தாலும் முதலில் தாளைப் பாருங்கள்

விலகும் ஒப்பந்தம் என்று கொடுத்த தாளில் 'ராஜினாமா' என்று ஒரு வரி எங்காவது இருக்கிறதா என்று தம்பியிடம் கேட்டேன். இருந்தது, மூன்றாவது பத்தியில். இது சின்ன விஷயம் அல்ல. இங்கே வேலை இழந்தவருக்கு ஒரு வருடம் வரை உதவித்தொகை தருகிற திட்டம் இருக்கிறது. முதல் மூன்று மாதம் அடிப்படைச் சம்பளத்தில் 90 சதம், அடுத்த மூன்று மாதம் 60 சதம், கடைசி ஆறு மாதம் 30 சதம். தானாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. ஆலையே போகிறது, நீங்கள் ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால், உங்கள் கையாலேயே அந்த ஒரு வருடத்தைக் கிழித்துப் போடுகிறீர்கள். 'வேலை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது' என்றுதான் தாளில் இருக்க வேண்டும்.

அப்புறம் தொகை. 2019-ல் வந்த தொழிலாளர் உரிமைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனமோ, ஆண்டுக்கு இரண்டரைக் கோடி ரூபாய்க்குக் குறையாத வியாபாரம் செய்யும் நிறுவனமோ ஆட்குறைப்பு செய்வதானால், முதலில் தொழிற்சங்கத்தோடோ, அது இல்லாவிட்டால் தொழிலாளர்களின் பிரதிநிதிகளோடோ பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் ஆட்குறைப்பு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். காரணம் நியாயமில்லை என்று வாரியம் கண்டால் ஒவ்வொரு வருட வேலைக்கும் மூன்று மாதச் சம்பளம் என்று உத்தரவிடலாம். பேச்சுவார்த்தையில் நிர்வாகம் முதலில் வைக்கிற தொகை இதற்குப் பக்கத்திலேயே இருக்காது. உதாரணத்துக்கு, மாதம் 22,000 ரூபாய், இருபது வருட வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு அரை மாதம் என்றால் 2,20,000. வருடத்துக்கு மூன்று மாதம் என்றால் 13,20,000. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் பேரம் நடக்கிறது.

எல்லா வழக்கும் வாரியத்தில் ஜெயிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆர்டர் உண்மையிலேயே இல்லை என்று கணக்கோடு காட்டினால் வாரியம் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் தம்பியின் ஆலை நஷ்டத்தில் இல்லை; அதே ஆர்டரை மலிவான இடத்தில் முடிக்கப் போகிறது. அது வேறு விதமான வாதம். தனியாக மேனேஜர் அறைக்குள் போய்ப் பேசுகிறவருக்குக் கிடைப்பதைவிட, பிரிவு முழுவதும் சேர்ந்து பேசினால் கிடைப்பது அதிகம். நான் போட்ட கணக்குகளில் இது மாறியதே இல்லை.

2020 முதல் பணிக்கொடை நிதி ஒன்றும் உண்டு. முதலாளி மாதாமாதம் சம்பளத்தில் 4.5 சதம் கட்ட வேண்டும். ஆலை மாறினாலும் அந்தப் பணம் உங்கள் பெயரில் தொடரும். அது ஓய்வுக் காலத்துக்கானது. இப்போது கொடுக்கும் தொகையிலிருந்து அதைக் கழிக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள்.

தனாவுக்குப் போவது

இதைப் பற்றித்தான் தம்பி அதிகம் யோசித்தான், நானும் அதிகம் யோசித்தேன். விமானத்தில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. பிரெஞ்சு தெரிந்தால் அலுவலகத்தில் சமாளிக்கலாம். இங்கிருந்து டெக்னீஷியனாகப் போகிறவர்களுக்கு இங்கத்திய சம்பளத்துக்கு மேல் படி, தங்கும் வீடு, வருடத்துக்குச் சில டிக்கெட் என்று தருவது வழக்கம். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறவருக்கு இது பெரிய ஈர்ப்பு. கை அறிந்த வேலையை விடவும் வேண்டாம். நாற்பத்தேழு வயதில் யாரும் நம்மைப் புதியவராகப் பார்க்காத ஒரே வழி இது.

எதிர்ப்பக்கமும் கனமானது. முதலாவது, வேலை ஒப்பந்தம் யாரோடு? மொரீஷியஸ் கம்பெனியே உங்களை அங்கே அனுப்புவதாக இருந்தால் உங்கள் இருபது வருடம் தொடரும். மடகாஸ்கர் கம்பெனியோடு புதிய ஒப்பந்தம் என்றால் நீங்கள் அங்கே முதல் நாள் ஊழியர். இந்த இருபது வருடத்துக்கான கணக்கை அப்போதே முடித்து வாங்க வேண்டும். தம்பிக்குக் கொடுத்த தாளில் இது தெளிவாக இல்லை. வேண்டுமென்றே தெளிவில்லாமல் எழுதினார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெளிவில்லாத வரி எப்போதும் எழுதியவருக்குத்தான் சாதகமாக முடியும்.

இரண்டாவது, அந்த வேலை எவ்வளவு காலம்? மேற்பார்வையாளரை அனுப்புவதன் நோக்கமே அங்கத்திய ஆட்களுக்கு வேலை பழக்குவது. அவர்கள் பழகியதும், இங்கிருந்து போனவரின் சம்பளம் அங்கே அதிகச் செலவாகத் தெரிய ஆரம்பிக்கும். ஆகவே இதை இரண்டு மூன்று வருட வேலையாகவே நினைத்துக் கணக்குப் போட வேண்டும், ஓய்வு வரைக்கும் என்று அல்ல.

மூன்றாவது, அந்த நாட்டின் நிலை. 2009-ல் அங்கே ஆட்சி கவிழ்ந்தது. அதன் விளைவாக 2010 தொடக்கத்திலிருந்து அமெரிக்கா தன் ஆப்பிரிக்க வரிச்சலுகையை நிறுத்தியது. 2014-ல்தான் திரும்பக் கொடுத்தது. இடையில் எத்தனையோ ஆலைகள் மூடின. 2025 ஏப்ரலில் அமெரிக்கா மடகாஸ்கர் பொருளுக்கு 47 சதம், எங்கள் பொருளுக்கு 40 சதம் என்று வரி அறிவித்தது. பிறகு இரண்டையும் 15 சதத்துக்குக் குறைத்தது. அதே வருடம் செப்டம்பரில் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனாவின் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அக்டோபரில் ஜனாதிபதி நாட்டை விட்டுப் போனார், ராணுவம் ஆட்சியை எடுத்தது. கூலி மலிவாக இருப்பதும், மின்சாரம் அடிக்கடி போவதும், ஆட்சி நிலையில்லாமல் இருப்பதும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன. போகிறவர் இதையெல்லாம் கண்ணைத் திறந்துகொண்டு ஏற்க வேண்டும்.

நான்காவதை எண்ணால் சொல்ல முடியாது. பெரிய மகள் பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறாள். மனைவிக்கு ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் ஓட்டல் ஒன்றில் வேலை, ஷிப்ட் முறை. வயதான சித்தி வீட்டில் இருக்கிறார். தம்பி போனால் இரவு ஷிப்ட் அன்று வீட்டில் யார்? தனா சம்பளத்தில் ஒரு பகுதி இந்தக் கேள்விக்கே செலவாகும்.

என் தீர்ப்பு: வீட்டில் இன்னொரு வருமானம் நிலையாக இருந்து, ஒப்பந்தம் மொரீஷியஸ் கம்பெனியோடு இருந்து, இடையில் திருப்பி அனுப்பினால் என்ன தொகை என்று எழுதியும் இருந்தால் தனா நல்ல வழி. இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் போக வேண்டாம்.

இதே தொழிலை இங்கேயே செய்வது

இந்த வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பொருளுள்ளதாகத் தெரிகிறது, அதுவும் தையல் மெஷினில் வேலை பார்த்த பெண்களுக்கு.

தங்கியிருக்கும் ஆலைகள் இன்னும் ஆள் எடுக்கின்றன. சம்பளம் பழையதைவிடக் குறையும், சீனியாரிட்டி போகும். ஆனாலும் ஐம்பதைத் தாண்டியவருக்கு அடுத்த வாரமே வேலை கிடைக்கிற இடம் அதுதான். அந்த ஆலையும் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. சேர்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே எதைத் தைக்கிறீர்கள்? சாதாரண டி-ஷர்ட் என்றால் அது இன்று இல்லாவிட்டால் நாளை போகும். சிறிய ஆர்டர், வேகமான டெலிவரி, விலை உயர்ந்த துணி என்றால் கொஞ்ச காலம் தங்கும். தீவில் மிஞ்சியிருப்பது அந்த வகைதான்.

இன்னொன்று, சொந்தமாகத் தைப்பது. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் சட்டைக் காலர் தைத்தவர். காலர் மட்டும்தான். அவர் வேகத்துக்கு எந்த டெய்லரும் ஈடு கொடுக்க முடியாது. ஆனால் ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்கச் சொன்னால் அவருக்குத் தெரியாது. ஆலை அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே இல்லை. பெரும்பாலான மெஷின் பெண்களின் நிலை இதுதான். அதனால் வீட்டில் மெஷின் வாங்கிப் போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். வெட்டும் வேலையைக் கற்றுக்கொள்ளச் சில மாதம் வேண்டும். அதற்குத்தான் அந்த ஒரு வருட உதவித்தொகை. அந்தத் திட்டத்தில் சேருகிறவர் வேலை தேடுவது, பயிற்சி, சிறு தொழில் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். வெட்டும் வேலைக்கான பயிற்சியைக் கேட்டால், கற்றுக்கொள்ளும் மாதங்களிலும் வீட்டுக்குப் பணம் வரும்.

தைத்தால் வாங்க ஆள் உண்டா? உண்டு, ஆனால் வருடம் முழுவதும் ஒரே சீராக இருக்காது. ஜனவரியில் பள்ளி திறக்கும், யூனிபார்ம் வேண்டும். அதே நாட்களை ஒட்டித் தைப்பூசக் காவடி வரும்; விரதக்காரர்கள் குடும்பத்தோடு ரோஸ் நிறத்தில் உடுத்துவார்கள். டிசம்பரிலிருந்து தூக்கமில்லாமல் தைக்க வேண்டியிருக்கும். மற்ற மாதங்களில் பழுது பார்க்கிற வேலை, சாரி ஃபால், ரவிக்கை, ஓட்டல்களின் யூனிபார்ம் என்று தேடிப் போக வேண்டும். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு அறையை எடுத்தால் தனியாக முடியாத ஓட்டல் ஆர்டரை எடுக்கலாம். தம்பியைப் போலப் பின்னல் மெஷின் தெரிந்த ஆண்களுக்கு இந்த வழி குறுகலானது, மெஷின் விலையே அதிகம். அவர்களுக்கு மெஷின் பழுதுபார்ப்பு பொருத்தம். தீவில் இருக்கும் ஆலைகளுக்கு அனுபவமுள்ள மெக்கானிக் எப்போதும் தேவை.

எபேனில் ஹெட்செட் மாட்டுவது

பிள்ளைகள் இதைத்தான் சொல்வார்கள்: "கால் சென்டருக்குப் போங்கம்மா, பிரெஞ்சு தெரியுமே." எபேன் சைபர் சிட்டியில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களுக்கு ஃபோனில் பதில் சொல்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை எல்லாம் இருக்கிறது. அவை பிரான்ஸில் யாரோ இழந்த வேலைகள்தான். இப்போது அதே வேலை இங்கிருந்தும் தனாவுக்குப் போகிறது, அங்கேயும் பிரெஞ்சு பேசுகிறார்கள், கூலி குறைவு. கூடவே, எழுத்தில் வரும் கேள்விக்குப் பதில் சொல்வதைக் கணினியே செய்ய ஆரம்பித்துவிட்டது.

அதனால் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆலைத் தொழிலாளிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். அலுவலகப் பிரிவில் இருந்தவர்களுக்கு மட்டும் வேறு. சம்பளக் கணக்கு, சுங்க ஆவணம், சரக்கு அனுப்புதல் தெரிந்தவர்களுக்கு இந்தத் தீவிலேயே வேலை செய்கிற கம்பெனிகள் உண்டு. துறைமுகம் போர்ட் லூயிஸிலேயே இருக்கும், அதை யாரும் மாற்ற முடியாது. நான் கடைசியில் போனதும் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றுக்குத்தான். பயிற்சி வேண்டுமென்றால் அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான எம்.ஐ.டி.டி.யின் மையங்களில் கேட்கலாம். பிளம்பிங், மின்வேலை, குளிர்சாதனப் பழுது போன்ற படிப்புகளுக்கு வயது ஒரு தடை என்று நினைத்துக்கொண்டு கேட்காமலே வருகிறவர்கள் அதிகம். கேளுங்கள். வீட்டுக்கு வந்து குழாயைச் சரி செய்யும் வேலையை எந்த முதலாளியும் தனாவுக்கு அனுப்ப முடியாது.

கடை வைப்பது

எனக்கு மிகவும் பயமுள்ள வழி இது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மொத்தத் தொகை கைக்கு வந்த வாரத்திலேயே எல்லோர் மனதிலும் கடை வருகிறது. தபாஜி என்கிற பெட்டிக் கடை வைக்கலாம், தோல் பூரி என்கிற பருப்பு ரொட்டியும் காத்தோ பிமா என்கிற மிளகாய் வடையும் விற்கலாம் என்று ஆரம்பிக்கிறார்கள். சமையல் நன்றாகவே இருக்கும். ஆனால் ஒரு ஆலை மூடினால் அதே ஊரில் பத்துப் பேர் அதே மாதத்தில் அதே கடையைத் திறக்கிறார்கள். வாங்க வேண்டியவர்களும் வேலை இழந்தவர்கள்தான். ஆலை வாசலில் விற்ற பெட்டிக் கடைகளே மூடுகின்றன.

செய்தே ஆக வேண்டும் என்றால் மூன்றைக் கடைப்பிடியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். நகராட்சி அல்லது மாவட்ட மன்றத்தின் அனுமதி கைக்கு வரும் முன் ஒரு ரூபாயும் செலவு செய்யாதீர்கள். தொகையில் கால் பகுதிக்கு மேல் கடையில் போடாதீர்கள். மெஷின், வண்டி போன்றவற்றுக்கு வளர்ச்சி வங்கியின் சிறுதொழில் கடனையும், சிறுதொழில்களுக்கான அமைப்பான எஸ்.எம்.இ. மொரீஷியஸ் தருகிற உதவியையும் முதலில் விசாரியுங்கள். கடையைவிட நன்றாக ஓடுகிறது என்று நான் பார்த்தது ஆர்டர் சமையல். கல்யாணத்துக்கும் கோவில் விசேஷத்துக்கும் வாழை இலையில் ஏழு கறி போடுகிற வீடுகள் இருக்கும் வரை அதற்கு ஆள் தேவைப்படும். வாடகை இல்லை, ஆர்டர் வந்த பிறகே பொருள் வாங்குகிறோம், முன்பணம் கிடைக்கும்.

கடலைத் தாண்டி

கனடாவின் இறைச்சி ஆலைகள், உல்லாசக் கப்பல்கள், பக்கத்தில் ரீயூனியன் என்று கேள்விப்படுகிறோம். இளையவர்கள் போகட்டும். நாற்பத்தைந்து தாண்டியவர்களுக்குக் குளிர் அறையில் நின்று இறைச்சி வெட்டும் வேலை உடம்புக்கு ஆகாது; கப்பலில் வயதைப் பார்க்கிறார்கள்; ரீயூனியனில் பேசும் கிரியோல் மொழி நமக்குப் புரியும், ஆனால் அது பிரான்ஸ், வேலை அனுமதி எளிதில் கிடைக்காது. வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஏஜெண்டிடம் மொத்தத் தொகையைக் கொடுத்து இழந்தவர்கள் இருக்கிறார்கள். தொழிலாளர் அமைச்சகத்தில் உரிமம் உள்ள ஏஜென்சியா என்று கேட்டுவிட்டுத்தான் பாஸ்போர்ட்டையே காட்ட வேண்டும்.

எதை எப்போது முடிவு செய்வது

வழிகளை ஒப்பிடும்போது நான் காலண்டரைத்தான் முன்னால் வைப்பேன். மாதம் 22,000 வாங்கியவருக்கு அந்த உதவித்தொகை முதல் மூன்று மாதம் 19,800, பிறகு 13,200, ஏழாம் மாதத்திலிருந்து 6,600 என்று இறங்கும். ஒரு வருடத்தில் மொத்தம் 1,38,600. அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு என்பதால் ஓவர்டைமிலேயே வாழ்ந்தவர்களுக்கு முதல் மாதமே அடி விழும். ஆகவே முதல் இரண்டு மாதம் எதையும் வாங்காமல், எதிலும் சேராமல் விசாரிப்பதற்கு. மூன்றாம் மாத முடிவுக்குள் தீர்மானம். ஆறாம் மாதத்துக்குள் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். வேலை முடிந்த கடிதம் வந்த அன்றே தொழிலாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். பதிவதற்குக் கெடு உண்டு, அதைத் தவறவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகம் காட்டும் வேலையைக் காரணமில்லாமல் தட்டிக்கழித்தால் உதவி நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மொத்தத் தொகையில் முதலில் அடைக்க வேண்டியது அதிக வட்டிக் கடன். பாக்கி வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற ஒரு வைப்புக் கணக்கில் இருக்கட்டும். 2025 ஜூன் பட்ஜெட்டில், அறுபது வயதில் கிடைத்துவந்த அரசு ஓய்வூதியத்தைப் படிப்படியாக அறுபத்தைந்துக்குத் தள்ளுவதாக அறிவித்துவிட்டார்கள். ஐம்பது வயதில் வேலை இழப்பவருக்கு முன்னால் இருப்பது பத்து வருடம் என்று நினைத்தோம், இப்போது பதினைந்து. இந்த ஒரு காரணத்துக்காகவே, "பணத்தை வைத்து ஓய்வெடுத்துக்கொள்கிறேன்" என்கிற வழியை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

காலர் தைத்த அக்காவுக்கு என் யோசனை வெட்டும் பயிற்சியும், பிறகு கூட்டாக ஒரு அறையும். ஐம்பத்தைந்தைத் தாண்டிய, கடன் இல்லாதவர்களுக்குத் தங்கியிருக்கும் ஆலையில் குறைந்த சம்பளத்துக்கானாலும் சேர்வது. இருபத்தைந்து முப்பது வயதில் இருக்கிறவர்கள் துணியை விட்டுவிட்டு மின்வேலை, குளிர்சாதனம் என்று போகட்டும்.

தம்பி மூன்று கேள்விகளை எழுதி நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறான்: ஒப்பந்தம் எந்தக் கம்பெனியோடு, இருபது வருட சர்வீஸ் தொடருமா, இடையில் திருப்பி அனுப்பினால் என்ன தொகை. விலகும் தாளில் 'ராஜினாமா' என்ற வரியை நீக்கவும் கேட்டிருக்கிறான். அவனோடு பிரிவில் இருக்கும் மற்றவர்களும் அதே கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் வாரியத்துக்குப் போவதாகத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் சொல்லிவிட்டார்கள். சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம், ஓவர்டைம் பதிவு எல்லாவற்றையும் நகலெடுத்துக் கோப்பு போடும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.